ஹிமேஜி கோட்டைக்குள் ஏன் ஒன்றுமே இல்லை?

வாசகர் கருத்து, 2024 நவம்பர் 9, காலை

சென்ற வாரம் ஜப்பானில் உள்ள ஹிமேஜி கோட்டைக்குப் போய்வந்தேன். வெளியிலிருந்து பார்த்தபோது பிரமித்துப்போனேன் என்பது உண்மை. ஆனால் ஆயிரம் யென் கொடுத்து, காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஆறு தளம் ஏறினால், உள்ளே ஒன்றுமே இல்லை. அரியணை இல்லை, படுக்கையறை இல்லை, ஓவியம் இல்லை. மரத்தரையும் மரத்தூணும்தான். இத்தனைக்கும் அது போரே காணாத கோட்டையாம். 400 ஆண்டுகளாக ஒரு வெற்றுக் கட்டடத்தைப் பொத்திப் பொத்திக் காத்து வந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கோட்டையை ஆண்ட பிரபு எங்கேதான் வாழ்ந்தார்?

2024 நவம்பர் 9, இரவு

கேள்வியின் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. பிரபு அங்கே வாழவில்லை. நீங்கள் ஏறிய பெரிய கோபுரத்தை ஜப்பானியர் தென்ஷு என்கிறார்கள். அது குடியிருப்பதற்கான இடமன்று. கீழே எல்லாம் கைவிட்டுப்போன பிறகு, கடைசியாக ஒதுங்கி நின்று போரிடுவதற்கான இடம். போர் இல்லாத காலத்தில் அது ஆயுதங்களையும் உணவுப் பொருள்களையும் வைக்கும் கிடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் நின்று நிமிர்ந்தாலும் கண்ணில் படவேண்டிய ஓர் அதிகாரச் சின்னம். பிரபு வாழ்ந்த அரண்மனை குன்றுக்குக் கீழே, மூன்றாம் வளாகத்தில் இருந்தது. இன்று அந்த இடம் புல்வெளி. நுழைவுச் சீட்டு வாங்குவதற்கு முன் நீங்கள் நின்று படமெடுத்திருப்பீர்களே, அதே இடம்தான்.

உள்ளே ஒன்றுமே இல்லை என்பதையும் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதல் தளத்துச் சுவர் நெடுகிலும் மரக்கொக்கிகள் வரிசை வரிசையாக இருப்பதைப் பார்த்தீர்களா? அவை துப்பாக்கிகளையும் ஈட்டிகளையும் மாட்டி வைப்பதற்கானவை. மூன்றாம் தளத்தின் நான்கு மூலைகளிலும் சிறிய கதவு வைத்த அறைகள் உண்டு. எதிரி உள்ளே புகுந்துவிட்டால் வீரர்கள் அங்கே பதுங்கியிருந்து பின்புறமாகத் தாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான்காம் தளத்தில் சாளரங்கள் ஆளுயரத்துக்கும் மேலே இருப்பதால், அவற்றை எட்டுவதற்குச் சுவரையொட்டி மேடை போட்டிருக்கிறார்கள். ஆறாம் தளத்தில் அந்தக் குன்றின் பழைய தெய்வமான ஒசாகாபேயின் சிறிய சன்னிதி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடித்தளத்தில் உள்ள கழிப்பறை. முற்றுகை நடந்தால் நூற்றுக்கணக்கானோர் நாள்கணக்கில் உள்ளே அடைபட்டுக் கிடக்க நேரும் என்று கணக்கிட்டு, தரைக்கடியில் பெரிய பிசென் மண்ஜாடிகளைப் புதைத்து வைத்தார்கள். அந்த ஜாடிகள் பயன்படுத்தப்பட்ட தடயமே இல்லை. 1609 ஆம் ஆண்டு கட்டி முடித்த கட்டடத்தில், ஒரு தடவைகூட வராத ஒரு நாளுக்காக அவை காத்திருந்தன. வெறுமை என்று நீங்கள் சொன்னதை நான் அந்த ஜாடிகளோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

2024 நவம்பர் 10

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. பிரபு கீழே வாழ்ந்தார் என்று பொதுவாக எழுதிவிட்டேன். இன்றைய கோட்டையைக் கட்டிய இகெதா தெருமாசாவின் இல்லம் குன்றின் மேலேயே, பெரிய கோபுரத்தின் காலடியில் உள்ள பிசென் வளாகத்தில் இருந்தது. அவருக்குப் பின் 1617 இல் வந்த ஹோண்டா குடும்பத்தார்தான் கீழே மூன்றாம் வளாகத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். குன்றின் மேல் ஏறி இறங்கி ஆட்சி நடத்துவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்திருக்கும்.

இந்த இரண்டு இல்லங்களுமே இன்று இல்லை. 1871 இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்ட பின் கோட்டை ராணுவத்தின் கைக்குப் போனது. மூன்றாம் வளாகத்து அரண்மனையை இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். பிசென் வளாகத்தில் எஞ்சியிருந்த கட்டடங்கள் 1882 இல் தீக்கிரையாயின. ஆகவே ஹிமேஜியில் இன்று எஞ்சி நிற்பது போருக்கான பாதி மட்டுமே. சமைத்த, உறங்கிய, வழக்கு விசாரித்த, குழந்தை பெற்ற பாதி முழுவதும் அழிந்துவிட்டது. நீங்கள் தேடிய படுக்கையறை அந்தப் பாதியில்தான் இருந்தது.

2024 நவம்பர் 12

இதைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பணம் என்பதைவிட நெல் என்று கேட்பதே சரி.

1600 ஆம் ஆண்டு செகிகஹாரா போரில் வென்ற டொகுகாவா இயெயாசு, நாட்டை மறுபங்கீடு செய்தார். தன் மகளை மணந்திருந்த இகெதா தெருமாசாவுக்கு ஹரிமா மாகாணத்தைக் கொடுத்தார். அதன் மதிப்பு 5,20,000 கோக்கு. ஒரு கோக்கு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி. எடையில் சுமார் 150 கிலோ. ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அளவு என்று அந்தக் காலத்தில் கணக்கு. நிலத்தைப் பரப்பளவால் மதிக்காமல், வரைபடத்தாலும் மதிக்காமல், அது எத்தனை வயிற்றை நிரப்பும் என்று மதித்த ஓர் ஆட்சிமுறை அது. ஒரு பிரபு எத்தனை வீரர்களைப் போருக்கு அனுப்ப வேண்டும், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் அவையில் எந்த வரிசையில் அமர வேண்டும், தன் கோட்டைக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணைப் பொறுத்தே அமைந்தன.

5,20,000 கோக்கு என்றால் 78,000 டன் அரிசி. இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது பிரபுவின் வருமானமன்று. அந்த மாகாணத்து நிலங்களின் மதிப்பிடப்பட்ட விளைச்சல். அதில் நாலில் ஒரு பங்கோ பாதியோ அல்ல, பத்தில் நான்கு பங்கு ஆள்பவருக்கு, ஆறு பங்கு உழுபவருக்கு என்பது அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட பொது விகிதம். நடைமுறையில் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அது கூடியும் குறைந்தும் வந்தது. கூடிய காலங்களே விவசாயிகளின் நினைவில் நின்றன.

உழுபவர் வேறு, ஆயுதம் ஏந்துபவர் வேறு என்ற பிரிவினையும் அப்போதுதான் இறுகியது. அதற்கு முன் கிராமத்தில் உழுதுகொண்டே சண்டைக்கும் போகும் மனிதர்கள் ஏராளமாக இருந்தார்கள். இயெயாசுவுக்கு முன் நாட்டை ஆண்ட டொயொடோமி ஹிதெயோஷி 1588 இல் விவசாயிகளிடமிருந்து வாள்களையும் ஈட்டிகளையும் துப்பாக்கிகளையும் பறித்தார். நிலங்களை அளந்து, யார் எந்த வயலுக்கு வரி கட்ட வேண்டும் என்று பதிவு செய்தார். 1591 இல் சாமுராய் விவசாயியாகவோ, விவசாயி வணிகராகவோ மாறக் கூடாது என்று ஆணையிட்டார். அவரே ஒரு சாதாரணக் காலாள் வீரரின் மகனாகப் பிறந்து நாட்டின் உச்சிக்கு ஏறியவர். தான் ஏறி வந்த ஏணியை மேலிருந்து எடுத்துக்கொண்டார்.

அதே ஹிதெயோஷி இகெதாவுக்கு முன் ஹிமேஜியிலும் இருந்தார். இந்தக் குன்றை அவருக்குக் கொடுத்தவர் அதுவரை இதை வைத்திருந்த குரோதா கன்பெய். 1581 வாக்கில் ஹிதெயோஷி இங்கே மூன்றடுக்குக் கோபுரம் ஒன்றைக் கட்டினார். தெருமாசா அதை இடித்துவிட்டு 1601 முதல் 1609 வரை எட்டாண்டுகள் உழைக்கவைத்து இன்றைய கோட்டையை எழுப்பினார். கல் போதவில்லை. கல்விளக்குகள், பழங்காலப் புதைமேடுகளிலிருந்து பெயர்த்த கற்சவப்பெட்டிகள் எல்லாம் சுவருக்குள் போயின. ஹிதெயோஷியின் காலத்தைப் பற்றிய கதை ஒன்று, கல் தேடி அலைந்தவர்களிடம் பலகாரம் விற்ற ஏழை மூதாட்டி தன் திரிகைக் கல்லைக் கொடுத்தாள் என்று சொல்கிறது. அந்தக் கல் என்று சொல்லப்படுவதை இன்றும் சுவரின் உயரத்தில், கம்பிவலை போட்டுக் காட்டுகிறார்கள். இந்தக் கதையை ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. திரிகையைக் கொடுத்த பிறகு அவள் எதைக்கொண்டு மாவரைத்திருப்பாள் என்ற கவலைதான் வருகிறது.

2024 நவம்பர் 13

தூண்களைப் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: கோபுரத்தின் அடியிலிருந்து ஆறாம் தளத்தின் தரைவரை இரண்டு பெருந்தூண்கள் செல்கின்றன. ஒவ்வொன்றும் 24 மீட்டருக்கு மேல் உயரம். அடியில் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கிழக்குத் தூண் பழையது. மேற்குத் தூண் உளுத்துப்போயிருந்ததால், 1956 முதல் 1964 வரை கோபுரத்தை முழுவதுமாகப் பிரித்துப் பழுதுபார்த்தபோது அதை மாற்றிவிட்டார்கள். புதிய தூண் இரண்டு மரங்களை மூன்றாம் தளத்தில் இணைத்தது. அந்த இணைப்பைக் கண்ணால் பார்க்கலாம். நான் முதலில் இரண்டும் 400 ஆண்டு பழையவை என்று நம்பி, மேற்குத் தூணின்மேல் கைவைத்து நெடுநேரம் நின்றேன். கிழக்குத் தூணைக் கவனிக்காமலே வந்துவிட்டேன்.

2024 நவம்பர் 16

போகும் வழியைப் பற்றி எழுத வேண்டும். உள்ளே எதுவும் இல்லை என்ற ஏமாற்றம் வருவதற்கு ஒரு காரணம், காட்சிப்பொருளை உள்ளே தேடுவது. அந்தக் கோட்டையின் காட்சிப்பொருள் வழிதான்.

ஹிஷி வாயிலிலிருந்து பெரிய கோபுரம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 130 மீட்டர். நடக்க வேண்டியதோ ஏறத்தாழ 325 மீட்டர். வாயில்களுக்கு இ, ரோ, ஹா, நி, ஹோ என்று பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் பெயர் இருக்கிறது. பெயர்தான் வரிசையாக இருக்கிறதே தவிர, வழி அப்படி இல்லை. ஹா வாயிலைத் தாண்டியதும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டியிருக்கும். நி வாயிலில் கூரை தலைக்குமேல் தாழ்ந்துவரும். ஈட்டி பிடித்தவன் அதைச் சாய்த்தாக வேண்டும். ஹோ வாயில் இரும்புத் தகடு அறைந்த சிறிய கதவு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். அதைக் கடந்தவுடன் பாதை கீழ்நோக்கி இறங்குகிறது. மேலே போக வேண்டியவனைக் கீழே இறக்கினால் தப்பான வழிக்கு வந்துவிட்டோமோ என்று தயங்குவான். அந்தத் தயக்கத்தின்மேல் சுவரின் துளைகள் வழியாகக் குண்டும் அம்பும் பாயும். துளைகள் வட்டமாகவும் முக்கோணமாகவும் சதுரமாகவும் துப்பாக்கிக்கு, நீண்ட செவ்வகமாக வில்லுக்கு. ஏறத்தாழ ஆயிரம் துளைகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன.

2016 இல் இரண்டாவது முறை போனபோது, முன்னால் ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது. ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுவன், பாதை இறங்கத் தொடங்கிய இடத்தில் நின்று, அம்மாவின் கையை இழுத்துப் பின்னால் காட்டினான். வழி தவறிவிட்டது, திரும்பு என்கிறான் என்று மொழி முழுவதும் புரியாமலே எனக்குப் புரிந்தது. வழியை வகுத்தவர்களின் எண்ணம் 400 ஆண்டுகள் கழித்தும் ஒரு குழந்தையிடம் பலித்ததை நான் கண்ணால் பார்த்தேன். பத்து விளக்கப் பலகைகள் சொல்லாததை அந்தச் சிறுவன் சொன்னான்.

2024 நவம்பர் 17

நான் முதன்முதலில் போனது 2012 இல். ஓசாகாவில் ஆறு மாதம் வேலை. விரைவு ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஹிமேஜி நிலையத்தில் இறங்கி அகன்ற தெருவின் கோடியைப் பார்த்தால் கோட்டை தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்தது ஒரு மாபெரும் சாம்பல் நிறப் பெட்டி. 2009 இல் தொடங்கிய பழுதுபார்ப்புக்காகக் கோபுரம் முழுவதையும் ஒரு கொட்டகைக்குள் மூடி, அதன் வெளிப்புறத்தில் கோட்டையின் உருவத்தைக் கோடுகளாக வரைந்து வைத்திருந்தார்கள். படத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனம் சோர்ந்தது.

ஆனால் அந்தக் கொட்டகைக்குள் மின்தூக்கி வைத்துப் பார்வையாளர்களை எட்டாவது தளத்துக்கு அழைத்துச்சென்றார்கள். கண்ணாடிக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் கூரை. சாதாரணமாக எந்தப் பார்வையாளரும் அந்தக் கூரையை அவ்வளவு அருகில் பார்க்க முடியாது. கொத்தர் ஒருவர் குந்தி அமர்ந்து, இரண்டு ஓடுகள் சேரும் இடுக்கில் வெள்ளைச் சாந்தைச் சிறு கரண்டியால் அப்பி, விரல்நுனி அளவு மேடாக வழித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடுக்கை முடிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் இருமுறை மாறிவிட்டார்கள். பெரிய கோபுரத்தின் கூரையில் சுமார் 75,000 ஓடுகள். அத்தனை இடுக்கிலும் அந்தச் சாந்து.

நீற்றிய சுண்ணாம்பு, சிப்பிச் சாம்பல், தாவர நார், கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை ஆகியவற்றைக் குழைத்துச் செய்வது அந்தச் சாந்து. ஜப்பானியர் அதை ஷிக்குய் என்கிறார்கள். சுவரில் மட்டுமன்றி, இறவாரத்தின் அடிப்பக்கத்திலும் மரம் வெளியே தெரியாதபடி பூசியிருப்பதற்குக் காரணம் தீ. துப்பாக்கிக் காலத்தில் மரக்கட்டடத்தின் முதல் பகை தீதான். வெண்கொக்குக் கோட்டை என்ற பெயருக்குக் காரணமான அந்த வெண்மை, தொடக்கத்தில் தீக்கு எதிரான கவசம்.

2015 மார்ச்சில் திரை விலகியபோது, மிகவும் வெள்ளையாக இருக்கிறது, பழைய கோட்டையின் அழகு போய்விட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். நானும் 2016 இல் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: நாங்கள் பழமை என்று நேசித்த சாம்பல் நிறம் சாந்தின்மேல் படர்ந்த பூஞ்சணம். தெருமாசாவின் குடிமக்கள் 1609 இல் பார்த்தது அந்தக் கண்கூசும் வெண்மையைத்தான். இப்போது ஓட்டு இடுக்குகள் மறுபடி கறுக்கத் தொடங்கிவிட்டன.

2024 நவம்பர் 20

போரே காணாத கோட்டை என்று கேள்வியில் இருந்தது. அதை நானும் மறுக்காமல் விட்டிருந்தேன். அதைத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தம் சற்று நீளம். அதை ஒரு குழந்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

தெருமாசா 1613 இல் இறந்தார். அவர் மகன் 1616 இல் இறந்தார். பேரன் மித்சுமாசாவுக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை. மேற்குப் பகுதிப் பிரபுக்களைக் கண்காணிக்கும் காவல்நிலை போன்ற ஹிமேஜியை ஒரு சிறுவனிடம் விட ஷோகனின் அரசுக்கு மனமில்லை. 1617 இல் அவனை 3,20,000 கோக்கு மதிப்புள்ள தொத்தோரிக்கு அனுப்பிவிட்டார்கள். தாத்தா எட்டாண்டு பாடுபட்டுக் கட்டிய கோட்டை ஒரு கையெழுத்தில் போயிற்று. இதுதான் டொகுகாவா காலப் பிரபுத்துவத்தின் சாரம் என்று நான் நினைக்கிறேன். பிரபு தன் நிலத்துக்கு உரிமையாளன் அல்லன், இடம்மாற்றக்கூடிய அதிகாரி. 1615 இல் ஒரு பிரபுவுக்கு ஒரே கோட்டை என்று சட்டம் வந்தது. 1635 முதல் ஓராண்டு தன் ஊரிலும் ஓராண்டு ஷோகனின் தலைநகரான எதோவிலுமாக (இன்றைய டோக்கியோ) இருக்க வேண்டும். மனைவியும் வாரிசும் எதோவிலேயே இருக்க வேண்டும் என்ற விதி உறுதியானது. அரண்மனையிலேயே பாதிக்காலம் பிரபு இல்லை; கோபுரத்தில் எப்படி இருப்பார்?

அந்தச் சிறுவன் வளர்ந்து, 1632 இல் ஒகாயாமாவுக்கு மாற்றப்பட்டு, நல்ல ஆட்சியாளர் என்று பெயர் எடுத்தார். இகெதா குடும்பம் அங்கே இறுதிவரை ஆண்டது. 1868 தொடக்கத்தில், ஷோகன் ஆட்சி கவிழ்ந்துகொண்டிருந்தபோது, ஹிமேஜியின் அப்போதைய பிரபுவான சகாய் குடும்பத்தவர் ஷோகன் பக்கம் நின்றார். பேரரசரின் புதிய அரசுக்காக ஹிமேஜியைச் சூழ வந்தது ஒகாயாமாப் படை. அவர்கள் கோட்டையை நோக்கிச் சுட்டார்கள். கோட்டை பணிந்தது, பெருஞ்சேதம் இல்லை. 251 ஆண்டுகளுக்கு முன் வெளியே அனுப்பப்பட்ட குடும்பத்தின் படை, தன் முன்னோர் கட்டிய சுவரைக் குறிவைத்து நின்றது. இந்தச் செய்தியை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். அறிந்தபின் அந்த வாயில்களை நினைக்கும்போதெல்லாம் ஏதோ ஓர் உறுத்தல் இருக்கிறது.

அதன் பிறகு கோட்டையைக் காத்தது யார்? 1873 இல் கோட்டைகளை ஒழிக்கும் ஆணை வந்தது. ஹிமேஜி கோபுரம் 23 யென் 50 சென்னுக்கு ஏலம் போனதாகச் சொல்கிறார்கள். இடிக்கும் செலவே அதைவிட அதிகம் என்பதால் வாங்கியவர் கைவிட்டாராம். 1878 இல் நகமுரா ஷிகெதோ என்ற ராணுவ அதிகாரி, இதைக் காக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு விண்ணப்பித்தார். ஹிஷி வாயிலைத் தாண்டியதும் அவர் நினைவுக்கல் இருக்கிறது; பெரும்பாலோர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 1945 ஜூலை 3 இரவு வான்தாக்குதலில் நகரம் எரிந்தது. வெள்ளைச் சுவர் தெரியாதபடி கறுப்பு வலை போர்த்தியிருந்த கோபுரத்தின் மேல்தளத்தில் விழுந்த எரிகுண்டு வெடிக்கவில்லை. காலையில் சாம்பல் மேட்டுக்கு நடுவே கோபுரம் நின்றதைக் கண்டு அழுதவர்களைப் பற்றி ஊரில் இன்றும் பேசுகிறார்கள்.

2024 நவம்பர் 21

சென்ஹிமேயைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். சுருக்கமாக எழுதுகிறேன். இயெயாசுவின் பேத்தி. ஏழு வயதில் ஹிதெயோஷியின் மகனுக்கு மணம் செய்துவைக்கப்பட்டாள். 1615 இல் அவள் தாத்தாவே ஓசாகா கோட்டையை வீழ்த்தினார். கணவன் அங்கேயே மாண்டான். பின் ஹோண்டா தாதாதோகியை மணந்து ஹிமேஜிக்கு வந்தாள். மேற்கு வளாகத்தின் நீண்ட தாழ்வாரமும் அதன் கோடியில் உள்ள ஒப்பனைக் கூடமும் அவள் காலத்தவை. மகன் மூன்று வயதில் இறந்தான். 1626 இல் கணவனும் இறந்தான். அவள் எதோவுக்குத் திரும்பிப்போனாள்.

நேற்றைய குறிப்போடு சேர்க்க வேண்டிய ஒன்று: அவளுடைய மகள் கத்சுஹிமே 1628 இல் மணந்தது யாரை என்றால், ஹிமேஜியிலிருந்து அனுப்பப்பட்ட அதே இகெதா மித்சுமாசாவை. கோட்டையை இழந்த வீட்டுப் பையனும் அதைப் பெற்ற வீட்டுப் பெண்ணும்.

2024 நவம்பர் 24

இதுவரை பிரபுக்களைப் பற்றியே எழுதிவிட்டேன் என்ற குறை எனக்கே இருக்கிறது. 12 ஆம் தேதிக் குறிப்பில் நெல்லில் தொடங்கிவிட்டு, நெல் விளைத்தவர்களை விட்டுவிட்டேன்.

1748 இன் இறுதியிலும் 1749 இன் தொடக்கத்திலும் ஹிமேஜிப் பகுதி விவசாயிகள் எழுந்தார்கள். வரிச்சுமை தாளவில்லை. கிராமத் தலைவர்களின் வீடுகளையும் செல்வந்தர்களின் வீடுகளையும் இடித்து நொறுக்கினார்கள். கோட்டைச் சுவரில் ஆயிரம் துளைகளை வெட்டி எந்தப் படைக்காகக் காத்திருந்தார்களோ அந்தப் படை வரவில்லை. கோட்டைக்கு உணவூட்டியவர்களே கிளர்ந்தார்கள். எழுச்சி அடக்கப்பட்டது, தலைமை தாங்கியவர்களுக்கு மரண தண்டனை. அதே 1749 இல், அதுவரை ஹிமேஜியை ஆண்ட மத்சுதைரா குடும்பம் மாற்றப்பட்டுச் சகாய் குடும்பம் வந்தது. வெண்கோபுரத்தின் நிழலில் நடந்த இந்த நிகழ்ச்சியைப் பற்றி, நான் மூன்று முறை சென்றும், சுற்றுலா வழியில் ஒரு சொல்லைக்கூடப் பார்த்ததாக நினைவில்லை. பேயாகி வந்து கிணற்றில் தட்டு எண்ணும் பணிப்பெண் ஒகிகுவின் கிணற்றுக்கு மட்டும் எப்போதும் கூட்டம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சகாய் ஆட்சி ஏறத்தாழ 7,30,000 ர்யோ (அந்தக் காலப் பொற்காசு) கடனில் மூழ்கியிருந்தது. கவாய் சுன்னோ என்ற மூத்த அலுவலர் அதைத் தீர்க்கப் பொறுப்பேற்றார். வரியைக் கூட்டுவதே அந்தக் கால வழக்கம். அவர் பருத்தியைக் கையிலெடுத்தார். ஹிமேஜிப் பருத்தித் துணியை ஓசாகா வணிகர்கள் வழியே விற்காமல் நேரடியாக எதோவில் விற்க ஏற்பாடு செய்து, ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கடனை அடைத்தார். பஞ்சத்துக்கு எதிராகக் கிராமங்களில் தானியக் கிடங்குகளையும் கட்டினார். அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. பெரிய கோபுரத்தில் வீரர்களுக்கான நெல். கிராமத்துக் கிடங்கில் குடிகளுக்கான நெல். எது கோட்டை என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்லத் தயங்கமாட்டேன்.

2024 நவம்பர் 25

கோபுரம் சாய்ந்திருப்பதைக் கண்டு, தலைமைத் தச்சர் உளியை வாயில் கவ்விக்கொண்டு மேலிருந்து குதித்துவிட்டார் என்ற கதையை ஒருவர் பகிர்ந்திருக்கிறார். கதைக்கு ஆதாரம் கிடையாது, சாய்வு உண்மை. கோபுரம் தென்கிழக்காகச் சாய்ந்தே இருந்தது. காரணம் தச்சு வேலையன்று, அடிமண். 5,000 டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்காமல் மண் ஒருபக்கம் அமிழ்ந்தது. 1956 இல் தொடங்கிய பணியில் அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதை நிறுத்தினார்கள். தச்சர் மீது பழியில்லை என்பது 350 ஆண்டு கழித்து உறுதியானது.

2024 நவம்பர் 30

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வரும் ஏப்ரலில் பெற்றோரை அழைத்துப் போகிறாராம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கோபுரத்தில் ஏற முடியுமா என்கிறார்.

ஏற்ற வேண்டாம். உள்ளே இருப்பவை ஏணிக்கும் படிக்கட்டுக்கும் இடைப்பட்டவை. ஏறுவதைவிட இறங்குவது கடினம். காலுறையோடு, வழவழத்த பலகைமேல், கைப்பிடியை இறுகப் பற்றியபடி பக்கவாட்டில் இறங்க வேண்டியிருக்கும். மின்தூக்கி கிடையாது. 2012 இல் இருந்தது கொட்டகையோடு போய்விட்டது. அப்பாவும் நீங்களும் ஏறிவிட்டு வாருங்கள். அடித்தளத்தில் ஜாடிகளையும், மூன்றாம் தளத்தில் மேற்குத் தூணின் இணைப்பையும், இம்முறை மறக்காமல் கிழக்குத் தூணையும் பாருங்கள்.

அதுவரை அம்மா மூன்றாம் வளாகத்துப் புல்வெளியில் அமரட்டும். சமதளம், சீட்டு வேண்டியதில்லை, ஏப்ரல் தொடக்கமானால் செர்ரி மரங்கள் பூத்திருக்கும். ஹோண்டா குடும்பத்தின் அரண்மனை அங்கேதான் இருந்தது. பிரபு எங்கே வாழ்ந்தார் என்று கேட்டீர்கள் அல்லவா? அவர் காலையில் கதவைத் திறந்தால் எந்தக் கோணத்தில் கோபுரம் தெரிந்ததோ, ஏறத்தாழ அதே கோணத்தில் உங்கள் அம்மாவுக்கும் தெரியும்.